சாகுபடி செய்பவர் பெயர்

ஆகஸ்ட் 29

வெண்டைக்காய் பறித்து விரல் இடுக்கெல்லாம் அரிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன். தாளெல்லாம் கறை.

யமுனைக் கரைக்கு வந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டது. மோதி பாக்கில் இருந்த எங்கள் குடிசை முகாமை சர்க்கார் இடித்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து மோதி பாக் பள்ளிக்கூடத்துக்கு மூன்று பஸ் மாற வேண்டும். பத்து நாள் போனேன், அப்புறம் நின்றுவிட்டேன். தூரம்தான் காரணம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். தினமும் லேட்டாகப் போய் வகுப்பு வாசலில் நிற்கும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அதற்குத்தான் பயந்தேன்.

அப்பா கட்டட வேலையை விட்டுவிட்டு, சௌத்ரியின் இரண்டு ஏக்கரைப் பட்டாய்க்கு எடுத்தார். விதை, டீசல், உழைப்பு எங்களுடையது. விளைவதில் பாதி அவருக்கு. காகிதம் எதுவும் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. இந்தப் பக்கம் எல்லோருக்கும் அப்படித்தான்.

ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று மைக் கட்டிய வண்டி சொல்லிக்கொண்டு போனது. "போன வருசமும் இப்டிதான் சொன்னான்" என்றார் அப்பா.

செப்டம்பர் 2

தண்ணீர் வந்துவிட்டது.

செப்டம்பர் 4

புஷ்தாவின் மேல் இருக்கிறோம். வயலுக்கும் ஊருக்கும் நடுவில் உயரமாகக் கட்டிய கரை ரோடு அது. வரிசையாக நீலத் தார்ப்பாய்கள். ஒரு பக்கம் லாரி போகிறது, மறுபக்கம் எங்கள் வயல் இருந்த இடத்தில் காப்பி நிறத்தில் ஆறு. மோட்டார் ரூமின் கூரை மட்டும் தெரிகிறது.

அம்மா முதலில் கேஸ் அடுப்பைத் தூக்கினாள், பிறகு பூக்கோசு விதை டப்பாவை. என் துணியை யாரும் தூக்கவில்லை. இந்த நோட்டு பாவாடைக்குள் இருந்ததால் பிழைத்தது.

செப்டம்பர் 12

தண்ணீர் வடிந்தது. முழங்கால் அளவுக்குச் சேறு. வெண்டை, சுரை, கத்தரி எல்லாம் கறுத்து, படுத்து, நாறுகிறது. அப்பா வயலில் இறங்கி நடுவில் போய் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. அம்மாதான் கத்தினாள், "அங்கியே நின்னா மொளச்சிடுமா? வாங்க இப்டி!"

அம்மா உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகளைப் பொறுக்கி வந்து மண் நிரப்பி, பூக்கோசு விதையைப் போட்டுவிட்டாள். நாற்று ஒரு மாதத்தில் தயாராகும். அதற்குள் வயல் காய வேண்டும், உழ வேண்டும், இன்ஜினைச் சரி செய்ய வேண்டும். எதைக் கொண்டு?

செப்டம்பர் 14

இந்திராணி அக்கா வந்தாள். முகாமில் எங்களுக்கு அடுத்த வீடு. இப்போது கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறாள். "வெள்ளத்துல போன பயிருக்கு சர்க்கார்ல குடுக்குறாங்களாம். எங்க வூட்டு சார் பெரிய ஆபீசரு. வா, கேப்போம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அப்பா போக மாட்டார். அவருக்கு ஹிந்தி பேச வரும், எந்த மொழியிலும் படிக்க வராது. அதனால் ஆபீஸ் விஷயம் எல்லாம் என் தலையில்.

சார் பெயர் சதாசிவம். சோபாவில் உட்காரச் சொன்னார். என் காலில் சேறு காய்ந்திருந்தது, கதவோரமே நின்றேன். என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். இந்திராணி அக்கா எல்லாவற்றுக்கும் தப்புத் தப்பாகப் பதில் சொன்னாள்.

"நான் ஜவுளி மந்திரி ஆபீஸ்ல இருக்கேம்மா. விவசாயம் வேற பில்டிங்" என்றார். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "இத்தினி நாளா கவர்மென்ட்டுன்னு சொன்னீங்களே சார்!"

அவர் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் தேடி இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். வருடா வருடம் வரும் உதவித்தொகை, பயிர்க்கடன், சொட்டுநீர் மானியம், மண் பரிசோதனை, பசுந்தாள் உர விதை, ஆற்றங்கரை மண்ணைக் காக்க மருந்தில்லாமல் விவசாயம் செய்கிறவர்களுக்கு ஒரு திட்டம், வெள்ள நிவாரணம். இவ்வளவு இருக்கிறதா? பஸ்ஸில் மூன்று தடவை படித்தேன்.

அவர் வீட்டுப் படி இறங்கும்போது சார் சொல்லியிருந்தார், "நெலம் யார் பேர்ல இருக்குன்னு மொதல்ல பார்த்துக்கோம்மா." எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 17

விவசாயிகளுக்கான இலவச நம்பருக்குப் போன் செய்தேன். மணி அடித்ததும் கட் பண்ணினேன். மூன்று முறை. நான்காவது முறை அம்மா பக்கத்தில் நின்றாள், கட் பண்ண முடியவில்லை.

எடுத்த பெண் நல்லவள். ஹிந்தியில் பொறுமையாகப் பேசினாள். முதல் கேள்வி: வயல் யார் பெயரில்? நான் ஒவ்வொரு திட்டமாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி. கடைசியில் அவளே பாவப்பட்டு ஒன்று சொன்னாள். வெள்ள நிவாரணத்துக்குப் பட்வாரி வந்து வயலைப் பார்த்து ஒரு பதிவேட்டில் எழுதுவார். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு. அதில் 'சாகுபடி செய்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அப்பாவின் பெயர் ஏறினால் வழி இருக்கலாம்.

இருக்கலாம். அது போதும்.

பட்வாரி என்றால் ஊரில் வி.ஏ.ஓ. மாதிரி என்று அப்பா சொன்னார்.

செப்டம்பர் 18

பட்வாரி ஆபீஸ். "கல் ஆனா."

செப்டம்பர் 19

"கல் ஆனா." நாளைக்கு வா, நாளைக்கு வா. இன்று கவுண்டர் வரை போனேன். என் முறை வந்ததும் பின்னால் இருந்த ஆள் கையை நீட்டினான், நான் நகர்ந்துகொண்டேன். ஏன் நகர்ந்தேன்?

செப்டம்பர் 22

ஃபாரம் கிடைத்தது. வயலின் நம்பர் வேண்டும். மோட்டார் ரூம் சுவரில் சர்வேக்காரர்கள் பெயின்ட்டில் எழுதிய வயல் நம்பர் சேற்றுக்கு மேலே தெரிந்தது. துடைத்து எழுதிக்கொண்டேன்.

அம்மா சொன்னாள், "சௌத்ரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுடி. அவுரு நெலம்."

போனேன். சௌத்ரி வாசலில் கட்டில் போட்டு ஹுக்கா பிடித்துக்கொண்டிருந்தார். கூட நாலு பேர். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தானா என்றுகூடத் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

"சொன்னியா?" என்றாள் அம்மா.

"சொன்னேன்."

செப்டம்பர் 23

கொடுத்துவிட்டேன். 'சாகுபடி செய்பவர்' கட்டத்தில் கலியன் என்று ஹிந்தியில் என் கையாலேயே எழுதினேன். அப்பாவின் பெயரை ஒரு சர்க்கார் காகிதத்தில் வயலோடு சேர்த்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. இரண்டு தடவை பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர், "மாலிக்குக்குத் தெரியுமா?" என்று நிலத்துக்காரரைக் குறித்துக் கேட்டார்.

தலையாட்டினேன்.

செப்டம்பர் 27

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பட்வாரி பைக்கில் வந்தார். போட்டோ எடுத்தார். அப்பாவிடம் கேட்டார், அப்பா சந்தோஷமாக எல்லாம் காட்டினார் — இங்கே வெண்டை சார், இங்கே சுரை. பட்வாரி ஃபாரத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். சௌத்ரி டிராக்டரிலேயே வந்துவிட்டார்.

"என் வயல்ல உன் பேரா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பு இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது.

சௌத்ரி கத்தினார். அந்தக் கட்டத்தில் உழுகிறவன் பெயர் ஏறினால் அவன் பிறகு கோர்ட்டுக்குப் போவான், நிலம் என்னுடையது என்பான், அவருடைய தாத்தாவின் நிலம் அப்படித்தான் போனது, அதற்காகத்தான் எந்தப் பட்டாய்க்காரனையும் இரண்டு வருடத்துக்கு மேல் வைப்பதில்லை. "மதராஸி சீதா சாதா ஆளு, வம்பு பண்ணமாட்டான்னு வச்சேன். நீ படிச்ச பொண்ண வச்சு வேலை பார்த்திருக்க!" தீபாவளிக்குள் காலி பண்ணணும்.

அம்மா நடுவில் புகுந்தாள். "ஒங்ககிட்ட கேட்டுட்டுத்தானே குடுத்துச்சி? பொண்ணு வந்து சொல்லிச்சே!"

"என்கிட்டயா? யார் சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கண்ணுக்கு என் கால் மட்டும்தான் தெரிந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பிறகு சௌத்ரி பக்கம் திரும்பி, கையைக் கூப்பி, "நான்தான் சாப் எழுதச் சொன்னேன். சொல்ல வேணான்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

செப்டம்பர் 28

அப்பா பேசவில்லை. திட்டினால்கூடத் தேவலை.

அம்மா பேசுகிறாள். "வாயத் தொறக்கவே மாட்டா. பேனாவ மட்டும் தொறப்பா."

செப்டம்பர் 30

தினக்கூலிக்கு ஆள் எடுக்கும் லேபர் சௌக்குக்கு அப்பா போனார். வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் அங்கேதான். யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் திரும்பி வந்து தெர்மாகோல் பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தார். நாற்றுக்கு இரண்டு இலை வந்திருக்கிறது. அதற்கு எதுவும் தெரியாது.

அக்டோபர் 4

சதாசிவம் சார் கொடுத்த தாளில் ஒவ்வொன்றாக அடித்தேன். உதவித்தொகை: நிலம் பெயரில் வேண்டும். கடன்: அதே. சொட்டுநீர்: அதே. ஆற்றங்கரைத் திட்டம்: அதே, கூட இன்னும் பத்தொன்பது விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். மண் பரிசோதனை மட்டும் — யார் பெயரிலாவது, நம்பர் இருந்தால் போதும் என்றார்கள். போகப்போகிற மண்ணைப் பரிசோதித்து என்ன செய்ய? ஆத்திரத்தில் ஒரு பையில் மண் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் கட்டத்தைக் காலியாக விட்டேன். நம்பரைப் பார்த்து அவர்களே நிரப்பிக்கொள்வார்களாம்.

அக்டோபர் 7

வேறு வயல் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். 'பெயர் எழுதின மதராஸி' என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒரு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். இல்லையென்றால் முற்றிவிடும். குளிர்காலம் முழுக்க சாப்பாடு அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. எங்கே போவோம்? அம்மா ஊருக்குப் போகலாம் என்கிறாள். ஊரில் என்ன இருக்கிறது? அப்பாவின் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகை இருக்கிறது.

எல்லாம் நான். நான் நான் நான். அந்த நாலு பேர் சிரிச்சா என்னாடி போச்சு ஒனக்கு? செத்தா போயிருப்ப?

அக்டோபர் 11

போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

சௌத்ரி தனியாக மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம். பக்கத்தில் போய் நின்றேன். அவர் பார்த்தார், வெட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டு முழுக்க வெட்டி முடித்தார். அப்புறம், "போல்" என்றார். சொல்லு.

"அப்பா எழுதச் சொல்லல. நான்தான் எழுதினேன். உங்ககிட்ட சொன்னேன்னு வீட்ல பொய் சொன்னேன். அவருக்கு எதுவுமே தெரியாது."

ஹிந்தியில் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. மெஷினை நிறுத்திவிட்டார்.

"ஏன் வந்து கேக்கல?"

"வந்தேன். நாலு பேர் இருந்தாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கோபமும் வந்தது. "கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். இப்ப என் அண்ணன் தம்பிங்க நாலு பேரும் போன் பண்ணி, பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி நிலத்த மதராஸிக்கு வித்துட்டியான்னு கேக்குறானுங்க!"

உள்ளே இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். முகத்தில் துப்பட்டா போட்டிருந்தாள், வாயில் போடவில்லை. "தன் பேரே ரிஜிஸ்டர்ல இல்லாத மனுஷன், அடுத்தவன் பேருக்குக் குதிக்கிறாரு! அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லு."

சௌத்ரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நிலம் இன்னும் அவருடைய அப்பா ராம்மேஹர் பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து பன்னிரண்டு வருடம். பெயர் மாற்ற மூன்று தடவை எழுதிக்கொடுத்து மூன்று தடவையும் திரும்பி வந்துவிட்டது. சௌத்ரிக்கும் எந்த உதவியும் வந்ததில்லை. கவுண்டரில் அவரிடமும் அதே கேள்விதான், வயல் யார் பெயரில்?

என்னால் நம்ப முடியவில்லை. இவ்வளவு பெரிய மீசை, டிராக்டர், ஹுக்கா!

"நான் எழுதித் தர்றேன். சலிக்காம தினம் போவேன். எங்கள மட்டும் அனுப்பாதீங்க" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவர் வெட்டிய தீவனத்தைக் கூடையில் அள்ளினார். மனைவி, "நாத்து வச்சிருக்காங்கய்யா, நான் பார்த்தேன். பெட்டியில" என்றாள்.

கடைசியில் சொன்னார். முதலில் அந்தப் பெயரை எடு. உன் அப்பா சாகுபடி செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்து, அவர் கையெழுத்து போடணும். பிறகு நாற்று நடலாம். ஜூன் வரைதான் இருக்கலாம்.

அக்டோபர் 13

நான்தான் எழுதினேன். "கலியன் ஆகிய நான் மேற்படி நிலத்தில் சாகுபடி செய்யவில்லை. கூலிக்கு மட்டுமே வேலை செய்கிறேன். என் பெயர் தவறுதலாக எழுதப்பட்டது."

ஆபீஸ் வராந்தாவில் அப்பா கேட்டார், "என்னா எழுதியிருக்கன்னு தமிழ்ல படி."

படித்தேன். பதினைந்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சாகுபடின்னா நட்டு, தண்ணி வுட்டு, அறுக்கறது எல்லாம்தானே?"

"ஆமாம்ப்பா."

"ஒண்ணும் செய்யலன்னு எழுதியிருக்க."

"ஆமாம்ப்பா."

"அச்சா" என்றார். பேனாவை வாங்கி, அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைத் தமிழில் எழுதினார். கலியன். க-வுக்கே நேரம் பிடித்தது. கவுண்டர்காரர் இது என்ன பாஷை என்று கேட்டார். அப்பா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். கையில் மை எதுவும் இல்லை.

அக்டோபர் 14

நட்டோம். உழ நேரமில்லை, மண்வெட்டியால் கொத்திக் கொத்தி இருட்டும்வரை நட்டோம்.

நவம்பர் 6

தாலுகா ஆபீஸ். சௌத்ரியின் விண்ணப்பம். இறப்புச் சான்றிதழில் ராம்மேஹர் என்றும், நிலப் பதிவேட்டில் வேறு மாதிரியும் இருக்கிறதாம். மறுபடியும் ஆரம்பத்தில் இருந்து. சௌத்ரி வீட்டம்மா என்னை 'மதராஸி முன்ஷி' என்கிறாள், மதராஸிக் கணக்குப்பிள்ளை என்று. போகும்போதெல்லாம் ஒரு டம்ளர் மோர்.

வெள்ள நிவாரணம் யாருக்கும் வரவில்லை.

அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. 

ஜனவரி 9

பனி. பூக்கோசு சிறுத்துவிட்டது, ஆனாலும் விற்கிறது. மண் பரிசோதனை அட்டை சௌத்ரி வீட்டுக்கு வந்திருக்கிறது, படிக்க வாங்கி வந்தேன். விவசாயி பெயர்: ராம்மேஹர். பன்னிரண்டு வருடம் முன்னால் செத்தவருக்கு மண்ணில் தழைச்சத்து குறைவாம், பசுந்தாள் உரம் போட வேண்டுமாம். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இத நான் பாத்தே சொல்லுவனே" என்றார். பிறகு, "இன்னொருவாட்டி படி" என்றார்.

ஏப்ரல் 28

நேற்று சௌத்ரி வயலுக்கு வந்தார். தைஞ்சா என்ற பசுந்தாள் உர விதை சர்க்காரில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், மண் அட்டை இருக்கிறவர்களுக்கு. வளர்த்து, பூக்கும் முன்னால் மடக்கி உழுதுவிட வேண்டும். "நான் போனா, செத்தவன் பேர்ல வாங்க வந்துட்டான்னு ஊர்க்காரன் சிரிப்பான். நீ போ" என்று அட்டையைத் தந்தார்.

இன்று போனேன். பெரிய வரிசை. எல்லாம் ஆண்கள். லிஸ்டைப் பார்த்து ஒருவர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ராம்மேஹர்!"

யாரும் வரவில்லை.

"ராம்மேஹர்! இருக்கியா, போய்ட்டியா?"

"ஜி!" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முன்னால் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீயா ராம்மேஹர்?"

சிரித்தார்கள். நடந்து முன்னால் போனேன். ஒருவன் குறுக்கே கை நீட்டினான். "அண்ணா, என் பேரைக் கூப்பிட்டாச்சு" என்றேன். கையை எடுத்துக்கொண்டான்.

சாக்கைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தேன். அப்பா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, "தக்கைப்பூண்டுதான்" என்றார்.

"எப்ப வெதைக்கணும்?" என்றாள் அம்மா.

"ஜூன் கடைசில" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஜூன் கடைசிலயா? ஜூன் வரைக்கும்தானே இருக்க வுட்டான்? சௌத்ரி என்னா சொன்னான்?"

"மழைக்கு முன்னாடி அப்பாவ உழுதுடச் சொன்னாரு."

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் சொல்லலியா? எழுதி கிழுதி?"

"இல்ல. அவ்ளோதான்."

அம்மா சாக்கின் வாயைக் கட்டினாள். அப்பா எழுந்து, எலிக்கு எட்டாமல் சாக்கைக் கூரைக் கழியில் கட்டினார். முடிச்சுப் போடும்போது, "இந்த நுனியப் புடி ருக்கு" என்றார். பிடித்துக்கொண்டேன்.